ஏரில அள்ளிட்டு வந்த விரால் குஞ்சை வீட்டு தொட்டில வளக்கலாமா?

மொதல்ல கேள்விய சுருக்கமா சொல்லிடுறேன். செங்கல்பட்டு பக்கம் ஒருத்தர் கேட்டிருக்கார், கார்த்திகை மழை முடிஞ்சதும் பையன் ஏரிக்கரையில இருந்து செவப்பு கலர்ல பன்னெண்டு குஞ்சு மீன் பக்கெட்ல அள்ளிட்டு வந்தானாம், வீட்ல ஏற்கனவே இருந்த மூணடி தொட்டில கோல்ட்ஃபிஷ்ஷோட விட்டிருக்காங்க, ரெண்டு மாசம் ஆச்சு, செவப்பு போயி இப்ப கரும்பச்சையா மூணு இஞ்ச் இருக்கு, பன்னெண்டு இருந்தது அஞ்சாயிடுச்சு, கோல்ட்ஃபிஷ்ஷுக்கு வால் இல்ல. இது விரால்தானா, எவ்ளோ பெருசாகும், இதே தொட்டில வச்சுக்கலாமா, முடியலன்னா திரும்ப ஏரிலயே விட்டுடலாமா. இதான் கேள்வி.

நான் பதினஞ்சு வருஷமா நம்மூர் மீன்தான் வளக்குறேன், விரால், அதோட சின்ன சொந்தமான குரவை, சொட்டை வாளை, ஒரு தடவ வாளையும் கூட. அதனால சுத்தி வளைக்காம சொல்றேன். வளக்கலாம். ஆனா ஒண்ணே ஒண்ணு, அதுவும் இந்த தொட்டில இல்ல. ஏரில விடவே கூடாது. மிச்சத்தையெல்லாம் இனிமே விளக்குறேன்.

மொதல்ல அது விரால்தானான்னு பாத்துக்கோங்க, ஏன்னா குஞ்சுல ஏமாந்துடுவோம். சின்னதுல உடம்பு முழுக்க செங்கல் கலர்ல இருந்து, கூட்டமா தண்ணி மேல கொதிக்கிற மாதிரி எழும்பி எழும்பி இறங்கிட்டு இருந்துச்சுன்னா அது பெரும்பாலும் நாட்டு விரால். வளர வளர முதுகு கருத்து, வயிறு வெளுத்து, பக்கவாட்டுல சாய்வா பட்டை பட்டையா வரும். அவுரின்னு ஒண்ணு இருக்கு, பூவிரால்னும் சொல்லுவாங்க, அது குஞ்சா இருக்கும்போது கருப்பு உடம்புல தலையில இருந்து வால் வரைக்கும் மஞ்சள் கோடு ஓடும், அப்புறம் வால் அடியில கண்ணு மாதிரி ஒரு வட்டம் வரும். இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா விரால் பொதுவா ரெண்டடில நிக்கும், மூணடிக்கு மேல கூட பதிவாகியிருக்கு. அவுரி நாலடிய தொடுற மீன். உங்க குஞ்சு அவுரியா இருந்தா வீட்டு தொட்டிங்கற பேச்சே கிடையாது. நீங்க செவப்புன்னு சொல்லிட்டீங்க, அதனால விரால்னு எடுத்துக்கிட்டே மேல சொல்றேன்.

அந்த ஏழு எங்க போச்சுன்னு யோசிச்சிருப்பீங்க. மிச்சம் இருக்கிற அஞ்சோட வயித்துக்குள்ளதான் போச்சு. விரால் குஞ்சுல ஒண்ணு ரெண்டு மத்ததவிட கொஞ்சம் வேகமா வளந்துடும், அந்த கொஞ்சூண்டு வித்தியாசமே போதும், கூடப்பிறந்தத முழுங்க ஆரம்பிச்சுடும். பண்ணை வச்சிருக்கவங்க சும்மாவா அடிக்கடி சைஸ் பிரிச்சு வேற வேற தொட்டில போடுறாங்க, இதுக்காகத்தான். நான் ஆரம்பத்துல எட்டு குஞ்சு ஒண்ணா விட்டேன், ஒருநாள் காலைல பாத்தா ஒரு குஞ்சு தன் அளவே இருந்த இன்னொண்ண தலைப்பக்கமா முழுங்கி பாதிலயே சிக்கிக்கிச்சு, வாயில இருந்து இன்னொரு வால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல, சாயங்காலத்துக்குள்ள ரெண்டுமே செத்துப் போச்சு. பசியில மட்டும் இப்படி பண்றதில்ல, நிறைய போட்டாலும் பண்ணும், இயல்பே அது. அதனால உங்க அஞ்சும் ரெண்டாகும், ரெண்டு ஒண்ணாகும், நீங்க பிரிக்கலன்னா அதுவே பிரிச்சுக்கும்.

இப்ப தொட்டி கணக்கு. மூணடிக்கு ஒண்ணுக்கு ஒண்ணுன்னா மூணு கன அடி, ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக 85 லிட்டர். ரெண்டடி மீன் ஒண்ணு, ஒரு அடி அகலத்துல எப்படி திரும்பும்னு நெனச்சு பாருங்க, திரும்பாது, மடங்கித்தான் திரும்பும், அப்படியே வருஷக்கணக்கா வச்சா முதுகு வளைஞ்சு போகவும் வாய்ப்பு உண்டு, நான் ஒரு கடையில அப்படி வளைஞ்ச விரால் பாத்திருக்கேன், இன்னும் மனசுல நிக்குது. வளந்த ஒரு விராலுக்கு குறைஞ்சது ஆறடிக்கு ரெண்டுக்கு ரெண்டு வேணும், அது 24 கன அடி, 680 லிட்டர். தண்ணி மட்டுமே 680 கிலோ, 12 எம்எம் கண்ணாடி, ஸ்டாண்டு, மணல் எல்லாம் சேத்தா ஒரு டன்ன நெருங்கிடும். மாடி வீடுன்னா சுவத்து ஓரமா, கீழ பீம் ஓடுற இடமா பாத்து வைக்கணும், வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட சொல்லிட்டு வைங்க. விரால் ரொம்ப நீந்துற மீன் இல்ல, பெரும்பாலும் ஒரே இடத்துல நிக்கும், அதனால உயரத்தவிட அகலம் முக்கியம். உயரம் ஒன்றரை அடி இருந்தா கூட போதும், அகலம் ரெண்டரை கிடைச்சா இன்னும் நல்லது.

உங்க வீட்ல பின்னாடி இடம் இருக்குன்னா நான் கண்ணாடியே வேணாம்னு சொல்லுவேன். பத்தடிக்கு ஆறடிக்கு மூணடி சிமென்ட் தொட்டியோ தார்பாலின் தொட்டியோ கட்டுங்க, தண்ணி அஞ்சாயிரம் லிட்டர் நிக்கும், பாதிக்கு நிழல், மேல ஆகாயத்தாமரை கொஞ்சம், நல்ல இறுக்கமான வலை. அதுல விரால் இருக்கிற மாதிரி கண்ணாடில எங்கயும் இருக்காது. அந்த வலை மீனுக்கு மட்டும் இல்ல, வீட்ல சின்ன பிள்ளைங்க இருந்தா அதுங்களுக்கும்தான், அத மட்டும் மறந்துடாதீங்க.

மூடி விஷயம் தனியா சொல்லணும். விரால் துள்ளும். அதுவும் ராத்திரில, மழை வர்ற நாள்ல. ஏரி வத்தும்போது ஈரத்துல ஊர்ந்து அடுத்த குட்டைக்கு போற மீன் அது, மூடியில கை நுழையிற ஓட்டை இருந்தா அதுக்கு வாசல்தான். என்னோட முதல் விரால் ஒன்னரை அடி இருக்கும்போது பில்டர் பைப் போற மூலையில கண்ணாடிய தள்ளிட்டு வெளிய வந்துடுச்சு. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சா தொட்டி காலி, வீடு பூரா தேடுறோம், கடைசில சமையக்கட்டுல அரிசி டிரம்முக்கு பின்னாடி சுவத்தோட ஒட்டி கிடக்கு, உடம்பெல்லாம் தூசியும் முடியும் ஒட்டி, வழவழப்பு பாதி காஞ்சு போயி. செத்துடுச்சுன்னு நெனச்சுதான் தூக்கினேன், கைல எடுத்ததும் வாய ஒரு தடவ தொறந்து மூடுச்சு. தண்ணில விட்டு உப்பு போட்டு பத்து நாள் பாத்தோம், பொழச்சுக்கிச்சு. வேற மீனா இருந்தா நடந்திருக்காது, விராலுக்கு செவுளுக்கு மேல காத்த உறிஞ்ச தனியா ஒரு அறை இருக்கு, அதனாலதான் உடம்பு ஈரமா இருக்கிற வரைக்கும் தண்ணிக்கு வெளிய மணிக்கணக்கா தாங்குது.

அந்த அறைதான் இன்னொரு விஷயத்துக்கும் காரணம், இது நிறைய பேருக்கு தெரியாது. வளந்த விராலுக்கு செவுள் மட்டும் போதாது, மேல வந்து காத்து எடுத்தே ஆகணும். துள்ளுதுன்னு சொல்லி தொட்டிய விளிம்பு வரைக்கும் நெரப்பி கண்ணாடிய ஒட்ட மூடிட்டீங்கன்னா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டி செத்துடும். தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு ஜாண் விடுங்க, மூடி மேல வெயிட் வைங்க. அந்த இடைவெளில இருக்கிற காத்து வெதுவெதுப்பா இருக்கும், ஏசி ரூம்ல தொட்டி வச்சா மேல சில்லுனு காத்து, கீழ சூடான தண்ணின்னு ஆகிடும், அதுக்கும் மூடிதான் பாதுகாப்பு. ஏசி இல்லாத ரூம்னா நம்மூர்ல ஹீட்டர் பத்தியெல்லாம் யோசிக்கவே வேணாம்.

காத்துல மூச்சு விடுற மீன்தானே, பில்டர் எதுக்குன்னு கேக்குறவங்க நிறைய. ஏரில சாக்கடைத் தண்ணிலயே கிடக்குதேன்னு சொல்லுவாங்க. ஆக்சிஜன் குறைச்சல தாங்கும், அது வாஸ்தவம். ஆனா அம்மோனியா வேற கதை. இது கறி திங்கிற மீன், போடுறது எல்லாம் புரதம், அது அத்தனையும் கடைசில அம்மோனியாவா தண்ணிக்குத்தான் வருது. அதுலயும் நம்மூர் போர் தண்ணில பி.ஹெச்., அதாவது தண்ணியோட அமில கார அளவு, எட்டு பக்கம் நிக்கும், பி.ஹெச். ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் அதிக விஷமா மாறும். கண்ணு பனி படிஞ்ச மாதிரி வெளுக்குறது, துடுப்பு ஓரம் கிழியுறது, சாப்பிடாம மூலையில நிக்கிறது, இதுக்கெல்லாம் மருந்து கடைக்கு போறதுக்கு முன்னாடி தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, பத்துக்கு எட்டு தடவ அங்கதான் விடை இருக்கும். பெரிய தொட்டிக்கு சம்ப், அதாவது கீழ தனியா வைக்கிற பில்டர் தொட்டி வச்சா சிறப்பு, இல்லன்னா தொட்டிக்கு வெளிய வைக்கிற நல்ல கேனிஸ்டர் பில்டர், வாராவாரம் பாதித் தண்ணி மாத்தணும். கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரின் எடுக்காம ஊத்தாதீங்க, ஆன்டி குளோரின் போடுங்க, இல்ல ஒருநாள் தொட்டியில தேக்கி வச்சு ஏர் பம்ப் ஓட விட்டு ஊத்துங்க. பில்டருக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்ச், கல்லு எதையும் குழாய் தண்ணில கழுவாதீங்க, அதுல இருக்கிற பாக்டீரியாதான் அம்மோனியாவ தின்னுது, தொட்டியில எடுத்த பழைய தண்ணில அலசினா போதும்.

தீனி. இங்கதான் ஆசைப்பட்டு தப்பு பண்றோம். உயிர் மீன் போட்டு அது பாயுறத பாக்கணும்னு உங்க பையனுக்கு இருக்கும், எனக்கும் இருந்துச்சு. கடையில தீனிக்குன்னு விக்கிற மீன் நெருக்கி அடைச்சு வச்சிருக்கிற மீன், பாதி நோயோட வரும், அத வாங்கி போடுறதும் நோய வாங்கி போடுறதும் ஒண்ணுதான். உங்க மீன் இப்ப மூணு இஞ்ச்தான், பழக்குறதுக்கு இதான் சரியான வயசு. ரெண்டு நாள் பட்டினி போட்டு, தோல் உரிச்ச இறால் துண்டு சின்னதா கம்பில குத்தி தண்ணில லேசா ஆட்டுங்க, அசையுறதுதான் அதுக்கு சாப்பாடு, அசைஞ்சா எடுக்கும். அது பழகினதும் இறாலோட மிதக்கிற பெல்லட்ட ஒட்டி குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா பெல்லட்டுக்கு வந்துடும். விரால் பண்ணைகளுக்குன்னே மிதக்கிற தீனி வருது, புரதம் நாப்பது சதவீதத்துக்கு மேல இருக்கிறதா பாத்து வாங்குங்க. இறால், மீன் துண்டு, மண்புழு, வெட்டுக்கிளி எல்லாம் மாத்தி மாத்தி குடுக்கலாம். ஒரே வகை பச்சை மீனையே தினமும் போடாதீங்க, சில மீன்லயும் இறால்லயும் தயமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது பி1 வைட்டமின அழிச்சுடும், ஃப்ரீசர்ல வச்சாலும் அந்த நொதி போகாது, மாசக்கணக்குல அதையே திங்கிற மீன் ஒருநாள் தலைகீழா சுத்த ஆரம்பிக்கும். மாட்டுக்கறி, கோழி போடுற பழக்கம் வேணாம், அந்த கொழுப்பு மீனுக்கு ஒத்துக்காது. குஞ்சுக்கு தினம் ரெண்டு வேளை, அடி தாண்டினதுக்கு வாரம் மூணு தடவ, அதுக்கு மேல போட்டா தொப்பை வச்சுடும், தண்ணியும் கெடும்.

இவ்ளோ சொல்றேனே, அப்புறம் எதுக்கு வளக்குறன்னு கேட்டா, சாயங்காலம் அது என்ன பாக்குற பார்வைக்காகத்தான். நான் சேர்ல உக்காந்ததும் அடியில இருந்து மெதுவா எழும்பி கண்ணாடிகிட்ட வரும், உடம்பு அசையாது, மார்த்துடுப்பு ரெண்டும் மட்டும் மாத்தி மாத்தி விசிறி மாதிரி வீசிக்கிட்டு இருக்கும், கண்ணு தனியா உருண்டு என் கைய பாக்கும், கையில கிண்ணம் இருக்கான்னு. இருந்துச்சுன்னா வால் பக்கம் மெல்ல வளையும், எஸ் மாதிரி, அந்த வளைவு வந்துட்டா அடுத்த கண்ணிமைக்குள்ள இறால் இருக்காது, என் சட்டைதான் நனைஞ்சிருக்கும். வெளி ஆளுங்க வந்தா செடிக்கு அடில போயிடும். ஏழு வருஷமா கூட இருக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம், புண் நோய். மழை முடிஞ்சு குளிர் அடிக்கிற மாசத்துல ஏரி மீன் மேல செவப்பு திட்டு வந்து, அப்புறம் அது குழிப் புண்ணாகி எலும்பு தெரியுற அளவுக்கு போறத பாத்திருப்பீங்க. இந்தியாவுக்குள்ள 1988ல வடகிழக்கு பக்கமா வந்து, சில வருஷத்துல தெற்கு வரைக்கும் பரவின நோய் அது, அஃபனோமைசிஸ்னு பூஞ்சை மாதிரி ஒரு கிருமி, அதிகமா அடி வாங்குனதுல விரால், குரவை இனமெல்லாம் முன்னாடி நிக்குது. உங்க குஞ்சு வந்ததும் அதே பருவம். ரெண்டு மாசம் தாண்டிடுச்சு, புண் இல்லன்னா பெரும்பாலும் தப்பிச்சாச்சு, ஆனாலும் வயிறு, வால் அடி, தாடை கீழ எல்லாம் டார்ச் அடிச்சு ஒரு தடவ பாருங்க. லேசா செவப்பு இருந்தா தனியா எடுத்து சுத்தமான தண்ணி, லிட்டருக்கு ரெண்டு கிராம் கல்லுப்பு, ஆரம்பத்துலயே கவனிச்சா ஆறுறது உண்டு. ஆழமா குழி விழுந்துட்டா கஷ்டம்.

இப்ப ஏரில விடுறது. அள்ளின அன்னைக்கே, அதே இடத்துல கொண்டு போயி விட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன், தாய் தகப்பன் ரெண்டும் அந்த செவப்பு கூட்டத்த சுத்தியேதான் காவல் கிடக்கும், கிட்ட வர்ற எதையும் கடிக்கும். ஆனா இப்ப அது ரெண்டு மாசமா கடையில வாங்கின கோல்ட்ஃபிஷ்ஷோட ஒரே தண்ணில இருந்திருக்கு. அந்த கோல்ட்ஃபிஷ் எந்த பண்ணையில இருந்து, எத்தன தொட்டி மாறி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அதோட ஒட்டுண்ணி, கிருமி எல்லாம் உங்க விரால் மேல இருக்கலாம், வெளிய தெரியாது. நம்ம ஊர் மீன்தானே, நம்ம ஏரிதானேன்னு விட்டா ஏரில இருக்கிற மொத்த மீனுக்கும் அத குடுத்தது மாதிரி ஆகும். வளர்ப்பு தொட்டில இருந்து தண்ணிக்கு போன மீன் என்ன பண்ணும்னு நம்மகிட்டயே சாட்சி இருக்கு, டேங்க் கிளீனர்னு வித்த மீன் இன்னைக்கு நம்ம ஏரிகள்ல வலைய கிழிச்சுக்கிட்டு வருது, 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவுல சாலக்குடி ஆத்துல அமேசான் பக்கத்து ராட்சச மீனான அராபைமா கிடைச்சுது. விரால் இனமே அமெரிக்காவுல இப்படித்தான் போச்சு, மேரிலாண்ட்ல கிராஃப்டன்னு ஒரு ஊர், ஒருத்தர் சூப் வைக்க வாங்கின ரெண்டு உயிர் விரால, அது சீனா பக்கத்து வகை, தொட்டில வச்சு வளத்து, முடியாம போனதும் பக்கத்து குட்டைல விட்டுட்டார். 2002ல குட்டைக்கு மருந்து அடிச்சு கொன்னப்போ ஆறு பெரிய மீனும் ஆயிரத்துக்கு மேல குஞ்சும் மிதந்துச்சு.

அப்ப மிச்ச நாலையும் என்ன பண்றது. உங்க பக்கம் விரால் பண்ணை, சிமென்ட் தொட்டி வச்சிருக்கிற விவசாயி யாராவது கண்டிப்பா இருப்பாங்க, ஏரில விட மாட்டேன்னு சொன்னா குடுத்துடுங்க, குடுக்கும்போது கோல்ட்ஃபிஷ்ஷோட இருந்ததுன்னு மறைக்காம சொல்லிடுங்க, அவங்க தனியா வச்சு பாத்துட்டு சேத்துப்பாங்க. இல்லன்னா நாலையும் வேற வேற ட்ரம்ல வளத்து, கறிக்கு ஆனதும் குழம்பு வைக்கிறதுல எந்த தப்பும் இல்ல, காலங்காலமா நாம சாப்பிடுற மீன்தானே. பையன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு செய்ங்க, ஒளிச்சு செய்யாதீங்க.

ஆறடி தொட்டி நமக்கு ஆகாது, ஆனா பையனுக்கு ஆசை இருக்குன்னா குரவை வளங்க. சாதா குரவை முக்கால் அடி, பெருசானா ஒரு அடி. பாறைக் குரவை அதவிட சின்னது, துடுப்பு ஓரத்துல ஆரஞ்சு கோடு, உடம்புல நீலம் ஓடும், ஆண் மீன் முட்டைய வாய்க்குள்ள வச்சு பொரிக்கும். கோல்ட்ஃபிஷ்ஷ வேற தொட்டிக்கு மாத்திட்டு உங்க மூணடி தொட்டிய சும்மா மாத்தி அமைச்சாலே ஒரு ஜோடிக்கு போதும், மூடி இறுக்கமா இருக்கணும், அதுவும் துள்ளும். சொட்டை வாளையும் அழகு, ஆனா ராத்திரி மீன், நாலடியாவது வேணும், பகல்ல பைப்புக்குள்ளயே கிடக்கும். ஆத்து வாளைய மட்டும் யாராவது குட்டியா குடுத்தா வாங்காதீங்க, நான் வாங்கினேன், அது வாய் கண்ணுக்கு பின்னாடி வரைக்கும் கிழியுற மீன், தன் நீளத்துல பாதி இருக்கிறதயே முழுங்குது, லைட் போட்டா பயந்து கண்ணாடில முட்டி மூக்கு உடைச்சுக்கும், ஆறு மாசத்துல தொட்டியே பத்தல. தெரிஞ்சவர் கிணத்துல கொண்டு போயி விட வேண்டியதாச்சு, இன்னைக்கா இருந்தா அத நான் வீட்டுக்கே கொண்டு வந்திருக்க மாட்டேன். தேளியையும் பையன் கையில அள்ள விடாதீங்க, பக்க முள்ளுல விஷம், குத்துனா பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல கைய வச்சா வலி குறையும், வீங்கினா டாக்டர்கிட்ட போயிடணும்.

ஆக இந்த வாரம் செய்ய வேண்டியது. அஞ்சையும் தனித்தனியா பிரிங்க, அஞ்சு பக்கெட் ஆனாலும் பரவால்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், மேல வலை. கோல்ட்ஃபிஷ்ஷுக்கு வால் அடி கடிபடாம இருந்தா வால் துடுப்பு திரும்ப வளரும், அத மூணடி தொட்டில தனியா விடுங்க. எத வச்சுக்கப் போறீங்களோ அத பையனையே தேர்ந்தெடுக்க சொல்லுங்க, நல்லா சாப்பிடுறது, முதுகு நேரா இருக்கிறது, கண்ணு தெளிவா இருக்கிறது. விரால் ஒரு வருஷத்துல ஒரு அடிய தொட்டுடும், அதனால பெரிய தொட்டிக்கு உங்களுக்கு எட்டு மாசம் டைம் இருக்கு, சென்னைல மீன் தொட்டி கடைங்க நிறைய இருக்கிற கொளத்தூர் பக்கம் போனா பழைய ஆறடி தொட்டி விலைக்கு வரும், தண்ணி நெரப்பி ரெண்டு நாள் ஒழுகுதான்னு பாத்துட்டு எடுங்க. மூடி மட்டும் எட்டு மாசம் தள்ளாதீங்க, இன்னைக்கு ராத்திரியே அந்த வலை மேல ஒவ்வொரு மூலையிலயும் ஒரு செங்கல் வச்சுட்டு படுங்க.